கூறு கெட்ட சனம்

என் தம்பியின் வலது கண்ணைக் கெடுத்தவர் நீங்கள். அம்மைமேல் பழி போடாதீர்கள், விதிமேல் போடாதீர்கள். மலிவு விலைக் காய்கறி வண்டியின் முன்சீட்டில் உட்கார்ந்து எங்கள் குடியிருப்புக்கு வந்த அதிகாரி நீங்கள்தான் அதற்குப் பொறுப்பு. உங்கள் பெயர் எங்களில் யாருக்கும் தெரியாது. வண்டி ஆபீசர் என்றுதான் சொல்வோம். தெரிந்திருந்தால் பெயர் போட்டே எழுதியிருப்பேன்.

எண்பதுகளின் தொடக்கம். எனக்கு ஒன்பது வயது இருக்கும். வைகைக் கரையில் குடிசை போட்டிருந்த எங்களை, வெள்ளம் வந்தால் செத்துப்போவீர்கள் என்று சொல்லி லாரியில் ஏற்றி, நாகமலை புதுக்கோட்டையைத் தாண்டி ஒரு பொட்டலில் இறக்கிவிட்டார்கள். தீப்பெட்டி அடுக்கிய மாதிரி வீடுகள். வெள்ளத்தில் சாகமாட்டோம் என்பது உண்மைதான். அங்கே குடிக்கவே தண்ணீர் கிடையாது. லாரியில் வந்தால் உண்டு.

ஆற்றங்கரையில் இருந்தபோதும் நாங்கள் ஏழைகள்தான். ஆனால் காய் தின்ற ஏழைகள். பொழுது சாயும் நேரத்தில் சந்தைப் பக்கம் சாக்கை விரித்துக் கூறு போட்டிருப்பார்கள். தராசும் படிக்கல்லும் கிடையாது. ரெண்டு தக்காளி, மூணு கத்திரிக்காய், ஒரு முருங்கைக்காய், நாலு பச்சை மிளகாய் என்று சின்னச் சின்னக் குவியல். அதுதான் கூறு. ஒரு வீட்டுக்கு ஒரு வேளைக் குழம்புக்குக் காணும். கூடவே கொசுறாக ஒரு கொத்துக் கறிவேப்பிலை. அன்றாடம் கூலி வாங்குகிற பொம்பளை அன்றாடம் ஒரு கூறு வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு வருவாள். என் அம்மாவும் அப்படித்தான்.

பொட்டலுக்கு வந்த பிறகு கூறும் இல்லை, சந்தையும் இல்லை. ரேஷன் கடை இருந்தது. அரிசி, சீனி, மண்ணெண்ணெய் வந்தன. அரசாங்கம் வயிற்றைப் பார்த்தது, நான் இல்லையென்று சொல்லவில்லை. அதைத் தவிர ஒரே ஒரு பெட்டிக்கடை. அதில் கருவாடு, பன், கலர் மிட்டாய், பீடி, ஊறுகாய் எல்லாம் கிடைக்கும். காய் என்று கேட்டால் கடைக்காரர் சின்ன வெங்காயத்தைக் காட்டுவார். ரேஷன் அரிசிச் சோறு, புளித்தண்ணி, ஊறுகாய். மறுநாள் பழைய சோறு, அதே ஊறுகாய்.

சுற்றியிருந்த கிணற்றுத் தோட்டங்களில் கீரை விளையாமல் இல்லை. விடியக்காலையில் கட்டுக் கட்டாகக் கீரையும், கூடை கூடையாகத் தக்காளியும் எங்கள் வீடுகளுக்கு முன்னாலேயே லாரியில் ஏறி நகரத்துக்குப் போகும். நிறுத்தி ஒரு கட்டு கேட்டால், "மொத்தமாப் பேசியாச்சு தாயி, பிரிக்க முடியாது" என்று போய்க்கொண்டே இருப்பார்கள். வீட்டுக்கு ஒரு முருங்கை வைக்கக் கூடாதா என்று இப்போதும் சிலர் என்னிடம் கேட்கிறார்கள். வைத்தோம். சுண்ணாம்புப் பாறையில் முருங்கை என்ன செய்யும்? மழை பெய்தால் குப்பைக்கீரை முளைக்கும். அந்த வருஷம் மழை பெய்யவில்லை.

அம்மா சித்தாள் வேலைக்குப் போனாள். காலையில் இருட்டோடு போனால் விளக்கு வைக்கிற நேரத்துக்குத் திரும்புவாள். அப்பா நகரத்தில் கைவண்டி இழுத்தார். பஸ்ஸுக்குக் கொடுத்தால் மிச்சம் இருக்காது என்று வண்டியிலேயே படுத்துக்கொண்டு, நினைத்தால் ஒருநாள் வருவார். எங்களைப் பார்த்துக்கொண்டது அப்பாவின் அக்கா. அத்தைக்கு முழங்காலில் வீக்கம், நடக்க முடியாது. கால் செய்யாத வேலையை எல்லாம் வாய் செய்தது. கட்டின புருஷன் ஓடிப்போனதற்கு அந்த வாய்தான் காரணம் என்று ஊர் சொல்லும். "ஓடுற அளவுக்காச்சும் அந்த ஆளு ஒரு வேலை செஞ்சானே" என்று அத்தையே சொல்லிச் சிரிக்கும்.

தம்பிக்கு நாலு வயது முடிந்திருந்தது. பகலெல்லாம் மற்றப் பிள்ளைகளோடு ஓடுவான். பொழுது இறங்கினால் சுவரைப் பிடித்துக்கொள்வான். தண்ணீர்க் குடத்தில் முட்டுவான். ஆட்டுக்கல்லில் இடித்துக்கொண்டு அழுவான். தெருப்பிள்ளைகள் "டேய் கோழி, பொழுது போச்சு, போய் அடைடா" என்று கேலி செய்வார்கள். சோம்பேறித்தனத்துக்கு நடிக்கிறான் என்றுதான் நாங்களும் நினைத்தோம். ஒருநாள் சாயங்காலம் அம்மா வந்து அவன் முன்னாலேயே நின்றாள். அவன் அவளைத் தாண்டி வாசலைப் பார்த்துக்கொண்டு, "அம்மா இன்னும் வரலையா அத்தை?" என்றான்.

மறுநாள் அம்மா வேலைக்குப் போகவில்லை. அரசாங்க ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா தம்பியின் இமையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மாலைக்கண் என்று சொன்னார்கள். மருந்து ஊற்றினார்கள். நல்ல மாதிரியாகத்தான் பேசினார்கள்.

"மருந்து நான் குடுத்துருவேன். சாப்பாடு நீங்கதான குடுக்கணும்? கீரை குடுங்க. மஞ்சப் பூசணி, காரட், பப்பாளி குடுங்க."

"எங்க பக்கம் கீரை கிடைக்காதும்மா" என்றாள் அம்மா.

"கீரை கூடவா கிடைக்காது? இருக்கறதுலயே மலிவு அதுதானம்மா!"

அம்மா வரும் வழியில் நகரத்தில் ஒரு கட்டுக் கீரை வாங்கினாள். பஸ் சீட்டு அதைவிட அதிகம். தினமும் அப்படி வாங்க முடியாது என்று எனக்கே தெரிந்தது.

அந்தச் சமயத்தில்தான் நீங்கள் வந்தீர்கள். பச்சைப் பெயிண்ட் அடித்த வண்டி. மாலை போட்டார்கள், தேங்காய் உடைத்தார்கள். ஏழை மக்களின் வீட்டு வாசலுக்கே காய்கறி வரப்போகிறது என்று ஒருவர் மைக்கில் முழங்கினார். அத்தை என் தோளைப் பிடித்துக்கொண்டு அவ்வளவு தூரம் நடந்து வந்து பார்த்தது. வண்டிக்குள் குவித்து வைத்திருந்த காரட்டையும் பூசணியையும் பார்த்து அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். சாமியைக் கும்பிட்டாளா, வண்டியைக் கும்பிட்டாளா, தெரியாது.

வாரத்தில் இருமுறை வண்டி வந்தது. எப்போது? பதினோரு மணிக்கு. பொம்பளைகள் அத்தனை பேரும் வேலைக்குப் போன பிறகு. சாயங்காலம் வரச்சொல்லிக் கேட்டதற்கு, ஆபீஸ் நேரம் முடிந்துவிடும் என்றீர்கள். சரி, வீட்டிலிருக்கும் கிழடுகளிடம் காசைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அங்கேதான் அடுத்த வம்பு. எதை எடுத்தாலும் அரைக்கிலோவுக்குக் குறைந்து தரமாட்டேன் என்றீர்கள். கத்திரிக்காய் அரைக்கிலோ, தக்காளி அரைக்கிலோ, மிளகாயும் அரைக்கிலோ. மிளகாய் அரைக்கிலோ வாங்கி என்ன செய்வது, திருஷ்டி சுற்றுவதா? பூசணிக்காயை அறுத்துப் பத்தை போட்டுத் தரச்சொன்னால், அரசாங்கக் காயை அறுக்க உத்தரவு இல்லை என்றீர்கள். அந்தப் பூசணி ஒவ்வொன்றும் என் தம்பி கனம் இருந்தது.

வண்டி வரும் நாளில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு நான் அத்தையோடு வண்டிப் பக்கத்தில் நிற்பேன். அத்தை ஒவ்வொரு தடவையும் கேட்கும்.

"ஐயா, கூறு போட்டுக் குடுங்களேன். கையில இருக்கிறது இம்புட்டுத்தான்."

"கூறுன்னா என்ன எடை? எடை இல்லாம எப்படி விக்கிறது? இது கவர்மென்ட் வண்டிம்மா, தெருவோரக் கடை இல்ல."

"தெருவோரக் கடையில எங்களுக்குக் காய் கெடைச்சுச்சே சாமி."

வண்டி வந்தபடியே நிறைந்து போனது. சில நாள் காரட் வாடித் தொங்கும். நீங்கள் டிரைவரிடம் சொன்னதைக் கூட்டத்தில் இருந்த எல்லோரும் கேட்டோம். நீங்களும் மெதுவாகச் சொல்லவில்லை.

"எம்புட்டு மலிவாக் குடுத்தாலும் வாங்க மாட்டாங்கப்பா. இதுகளுக்குக் காய் திங்கிற பழக்கமே இல்ல. கூறு கெட்ட சனம்."

கூறு கெட்ட என்றால் புத்தி இல்லாத என்று அர்த்தம் என்பது எனக்கு அப்போது தெரியாது. கெட்டுப்போன கூறு, அழுகின கூறு என்று நினைத்தேன். ஆபீசர் சரியாகத்தான் சொல்கிறார், எங்களுக்குக் கூறு கெட்டுத்தானே போயிருக்கிறது என்று தோன்றியது. அத்தைக்கு இரண்டு அர்த்தமும் தெரியும்.

"ஆமாய்யா, கூறு கெட்டுத்தான் போச்சு. கெடுத்தது யாரு?" என்றது அத்தை.

கூட்டம் சிரித்தது. நீங்கள் சிரிக்கவில்லை.

அந்த வாரச் சனிக்கிழமை அம்மாவும் தெருப் பொம்பளைகள் பத்துப் பன்னிரண்டு பேரும் கூலியை விட்டுவிட்டு வீட்டில் நின்றார்கள். எல்லோரும் சேர்ந்து போட்ட காசில் நீங்கள் சொன்ன எடையிலேயே எல்லாக் காயும் வாங்கினார்கள். ஒரு முழுப் பூசணியை இரண்டு பேர் தூக்கி வந்தார்கள். வண்டிக்கு எதிரிலேயே அத்தை சாக்கை விரித்து உட்கார்ந்து கூறு போட ஆரம்பித்தது. அம்மா அரிவாள்மணையைப் போட்டுப் பூசணியைப் பிளந்தாள். உள்ளே அந்த மஞ்சள் நிறத்தைப் பார்த்ததும் பிள்ளைகள் எல்லாம் ஓ என்று கத்தினோம். ஒருத்திக்குக் கூறு சின்னதாகிவிட்டதென்று சண்டை வந்தது. "உனக்குக் கூறுல குறையல தாயி, பிறவியிலதான் குறை" என்று அத்தை ஒரு மிளகாயைத் தூக்கிப் போட்டது. அன்றைக்கு எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் காய்க் குழம்பு கொதித்தது. தம்பி பூசணியைப் பிசைந்து தின்றுவிட்டு இனிக்குது இனிக்குது என்றான்.

அதன்பிறகு இதுவே முறையாகிவிட்டது. வண்டி வரும் நாளில் யாராவது நாலு பேர் வேலையை விட்டு நிற்பார்கள். வண்டி காலியாகத் திரும்பியது. தம்பி பொழுது சாய்ந்த பிறகும் வாசலில் நின்று, "அம்மா வாரா, தூக்குவாளியோட வாரா" என்று சொல்ல ஆரம்பித்தான். அம்மா வேண்டுமென்றே தெருமுனையிலேயே நின்று கையை ஆட்டுவாள். அவன் பதிலுக்கு ஆட்டினால்தான் நடந்து வருவாள்.

இதில் உங்களுக்கு என்ன நஷ்டம்? சரக்கு விற்றது. காசு வந்தது. பிள்ளைகள் தின்றன. வேறு ஒருவராக இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். ஆனால் உங்கள் வண்டிக்கு எதிரில் ஒரு நொண்டிப் பொம்பளை சாக்கு விரித்து, நீங்கள் முடியாது என்றதைச் செய்து காட்டிக்கொண்டிருந்தாள். அது பொறுக்கவில்லை. மலிவு விலைப் பொருளை வாங்கி மறுபடி விற்கிறார்கள் என்று ஒரு ஏட்டை ஜீப்பில் அழைத்துக்கொண்டு வந்தீர்கள்.

ஏட்டு பாவம், சாக்குக்கு முன்னால் வந்து நின்று மீசையைத் தடவினார். "ஏத்தா, கூறு போட்டு விக்கிறியாமே?"

"விக்கலங்கய்யா. பிரிக்கிறோம். பங்கு பிரிக்கிறதுக்குக் கேஸ் இருக்கா?"

"காசு வாங்குறீங்கள்ல?" என்று நீங்கள் குறுக்கே வந்தீர்கள்.

"போட்ட காச எடுக்க வேணாமா? இல்ல, நீங்க போடுறீங்களா?"

ஏட்டு உங்கள் பக்கம் திரும்பி, "சார், என் வீட்லயும் கூறுதான் சார் வாங்குறோம்" என்றார், குரலைத் தாழ்த்தி. நீங்கள் முறைத்தீர்கள். பிறகு அவர் சாக்கைச் சுருட்டினார். கூறுகள் எல்லாம் ஒன்றாக உருண்டன. பாதிப் பூசணியைச் சாட்சிக்கென்று தூக்கி ஜீப்பில் வைத்தார்.

அத்தை எழுந்தது. யார் தோளையும் பிடிக்காமல் அத்தை நடந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். ஜீப்பின் பின்பக்கம் ஏறி உட்கார்ந்து பூசணியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டது.

"சாட்சிக்குப் பூசணிக்காய் எதுக்குய்யா? அது வாய் பேசாது. நான் பேசுவேன். வண்டிய எடு, நானும் வாரேன்."

அம்மா தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு போய் காய்கறி வண்டிச் சக்கரத்துக்கு முன்னால் உட்கார்ந்தாள். அவள் பக்கத்தில் இன்னொருத்தி. அப்புறம் ஜீப்பையும் மறித்துத் தெருவே உட்கார்ந்தது. டிரைவர் ஹாரனை அழுத்தினார். தம்பிக்கு அந்தச் சத்தம் பிடித்துப்போய் இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று கேட்டான். வெயில் ஏறியது. நீங்கள் வண்டிக்குள் உட்கார முடியாமல் இறங்கி நின்றீர்கள். தண்ணீர் கேட்டீர்கள். அம்மாதான் சொம்பில் கொண்டுவரச் சொல்லிக் கொடுத்தாள். குடித்துவிட்டு, "சரிம்மா, எழுந்திருங்க. மேலிடத்துல பேசி இனிமே கூறாவே போடச் சொல்றேன்" என்றீர்கள். எங்கள் தண்ணீரைக் குடித்த ஈரம் காயாத வாயால் சொன்னீர்கள். ஊரே கேட்டது.

பொம்பளைகள் எழுந்து வழி விட்டார்கள். அத்தை பூசணியோடு இறங்கியது. பிள்ளைகள் வண்டிக்குப் பின்னால் ரோடு வரைக்கும் ஓடினோம். ஜெயித்துவிட்டோம் என்று கத்திக்கொண்டே ஓடினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சத்தமாக அதற்குப் பிறகு நான் கத்தியதில்லை.

அடுத்த முறை வண்டி வரவில்லை. அதற்கடுத்த முறையும் வரவில்லை. டயர் பஞ்சராகியிருக்கும் என்றேன். வேலையை விட்டு நின்ற பொம்பளைகள் வெயிலில் ரோட்டைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். யாரும் வந்து நிறுத்திவிட்டோம் என்று சொல்லவில்லை. தொடங்கும்போதுதான் தேங்காய் உடைப்பார்கள்.

கடைசியில் அம்மாவும் இன்னும் நாலு பேரும் நகரத்தில் உங்கள் ஆபீசைத் தேடிப் போனார்கள். படிக்கத் தெரிந்தவள் என்று என்னையும் கூட்டிப் போனார்கள். படிக்க அங்கே ஒன்றும் கொடுக்கவில்லை. மேஜைக்குப் பின்னால் இருந்தவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு பேசினார்.

"உங்க பக்கம் வண்டி கேன்சல் ஆயிருச்சும்மா."

"ஏங்கய்யா?"

"உங்களுக்குக் காய் திங்கிற பழக்கம் இல்லன்னு ஆபீசர் சொல்லிட்டாரு. தகராறு வேற பண்ணீங்களாமே?"

"பழக்கம் இல்லாதவளா சாமி வண்டிக்கு முன்னாடி உக்காருவேன்?" என்றாள் அம்மா.

அவர் ஆபீசரைத்தான் கேட்க வேண்டும் என்றார். ஆபீசர் கேம்ப் போயிருந்தார். நாங்கள் போன அத்தனை முறையும் நீங்கள் கேம்ப் போயிருந்தீர்கள்.

திரும்பும்போது பஸ்ஸில் அம்மாவிடம், பழக்கம் என்றால் என்னம்மா என்று கேட்டேன். திரும்பத் திரும்பச் செய்கிறது என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்கு அது பெரிய தைரியத்தைக் கொடுத்தது. பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு அப்படித்தான் பழகினேன். வராதது எல்லாம் பழகப் பழக வரும். காய் தின்கிற பழக்கம் இல்லை என்பதுதான் குற்றம் என்றால், பழகிவிட்டால் வண்டி வந்துவிடும்.

நானும் தம்பியும் பழக ஆரம்பித்தோம். பொட்டலில் எருக்கு முளைத்திருக்கும், அதைத் தொடக் கூடாது என்று தெரியும். புளியங்கொழுந்து, வேப்பங்கொழுந்து, ஓடைப்பக்கம் பெயர் தெரியாத ஏதோ இலை எல்லாம் பறித்துவந்து சாக்கை விரித்துக் கூறு போடுவோம். ஒரு கூறு அவனுக்கு, ஒரு கூறு எனக்கு. கசக்கும். துப்பக் கூடாது என்று நான் சட்டம் போட்டிருந்தேன். கண்ணில் தண்ணீர் வர மென்று விழுங்கிவிட்டு அவன் கேட்பான்.

"அக்கா, இப்பப் பழக்கம் வந்துருச்சா?"

"இன்னும் கொஞ்சம் வரணும்."

பொழுது இறங்கியதும் அவன் மறுபடி சுவரைப் பிடிக்க ஆரம்பித்திருந்தான். பங்குனியில் மணல்வாரி அம்மை வந்தது. தெருவில் பல பிள்ளைகளுக்கு வந்து இறங்கியது. தம்பிக்கு இறங்கும்போது வலது கண்ணில் வெள்ளையாகப் படர்ந்தது. அம்மா தூக்கிக்கொண்டு ஓடினாள். அதே டாக்டரம்மா பார்த்துவிட்டு, "அம்மை எல்லாப் பிள்ளைக்கும் வருது. உடம்புல சத்து இருந்தா கண்ணு தப்பிச்சுக்கும்" என்றார்கள். இடது கண்ணைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். ஆத்தா ஒரு கண்ணை எடுத்துக்கொண்டு ஒன்றை விட்டாள் என்று ஊர் பேசியது. நானும் பல வருஷம் அப்படித்தான் நம்பினேன். பழக்கம் போதவில்லை, இன்னும் கொஞ்சம் மென்றிருக்கலாம் என்று கூட நினைத்தேன். அரைக்கிலோவுக்குக் குறையாது என்று ஒருவர் பிடித்த பிடிவாதமும், அவர் வாயில் வந்த ஒரு சொல்லும் ஒரு பிள்ளையின் கண்வரைக்கும் வந்து சேரும் என்பது அந்த வயதில் எனக்குப் புரியவில்லை.

இப்போது புரிகிறது. அதனால் கேட்கிறேன். நீங்கள் உயிரோடு இருந்தால் நீங்கள் வாருங்கள். இல்லையென்றால் உங்கள் நாற்காலியில் இன்று உட்கார்ந்திருப்பவர் வரட்டும். கடிதம் வேண்டாம், கேம்ப் வேண்டாம். குடியிருப்பு அதே இடத்தில்தான் இருக்கிறது. ஜனம் கூடுகிற ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வாருங்கள். என் தம்பி முன்வரிசையில் உட்கார்ந்திருப்பான். எங்களுக்குக் காய் தின்கிற பழக்கம் இல்லை என்று சொன்னீர்களே, அதைச் சொல்வதற்கு முன்னால் எந்த வீட்டுக்குள் வந்து எந்தச் சட்டியைத் திறந்து பார்த்தீர்கள்? அவனுக்கு எதிரில் நின்று, அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி பதில் சொல்லுங்கள்.